காயாத பாலம்

ஓடைமேல் காலையில் கொட்டிய கான்கிரீட் இன்னும் இறுகவில்லை; அதற்குள் மழை பிடித்துக்கொள்கிறது. ஓடிவந்தவர்கள் பாலம் முழுக்கத் தார்ப்பாய் விரிக்கிறார்கள். காற்று அதைப் பட்டமாய்த் தூக்குகிறது. கரைமண்ணில் கிடக்கும் அதன் மூலையை ஒரு வீட்டின் மூத்த மருமகள் கல்லை வைத்து அமுக்குகிறாள். கல் புரண்டு விழுகிறது. சிமெண்ட் கரைந்தால் இந்த மழைக்காலமும் பாலமில்லை. முன்பொரு மழையில் பிரசவ வலியோடு, வெள்ளம் வடியட்டுமென்று இதே கரையில் கிடந்தவள் அவள். இப்போது அவள் ஓரகத்தி ஏழுமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு சேற்றில் அசைந்து அசைந்து வருகிறாள், பாருங்கள். “உன்னை யாருடி கூப்பிட்டா? வீட்டுக்குப் போ!” “இதுமேலதானேக்கா நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்?” என்றபடி, படபடக்கும் மூலையில் சம்மணமிட்டு உட்கார்கிறாள் இளையவள். தார்ப்பாய் அடங்குகிறது. மூத்தவள் திட்ட வாயெடுத்து, திட்டாமல், அவளை ஒட்டி உட்கார்ந்து தன் முந்தானையை அவள் தலைமேல் இழுத்துவிடுகிறாள். “மூணு ஆள் கனம்க்கா. இப்பத் தூக்கச் சொல்லு காத்தை!”