மூலை வெட்டிய அட்டை

ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்ததும் குணாளன் தன் மலேசிய அடையாள அட்டையான ஐசியைத் தூதரகத்தில் ஒப்படைத்தான். அதிகாரி அதன் மூலையைக் கத்தரித்துப் பெட்டியில் போட்டார். அப்பாவின் காரியத்துக்குக்கூட ஊர் திரும்பாமல் ஒன்பது வருடம் காத்திருந்தது இதற்குத்தான். வெளியே வந்து, மலேசியாவில் சாஆ என்ற சிற்றூரில் இருக்கும் அம்மாவை வீடியோவில் அழைத்தான்.

"ஐசிய குடுத்துட்டேன்மா. இனிமே அங்க வந்தா நான் டூரிஸ்ட்தான்."

அம்மாவுக்குப் பின்னால் மேசையில் ஒருவன் நெத்திலி சம்பாலைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தான்.

"யாரும்மா அது?"

அவன் திரும்பினான். குணாளனின் முகம்தான். வலது காதின் நுனி மட்டும் சரிவாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது.

"போன்ல யாரும்மா?" என்று அவனும் கேட்டான்.

அம்மா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தெரியலப்பா. வெளிநாட்டுக்காரரு யாரோ. நீ சாப்பிடு."