ஸ்பீக்கரில் வந்த பெயர்நாள்

"என் போனையே காரோட சேர்த்து விடுடா மாந்தோஸ். இன்னிக்கு ஊரே என்னைக் கூப்பிடும். காதுல வெச்சுக்கிட்டா எனக்கு ஒண்ணும் கேக்கறதில்ல" என்றபடி கலியோப்பி முன்சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்தாள். பூப்போட்ட புது உடுப்பு. மடியில் ஒரு டப்பா நிறைய, சர்க்கரை தூவிய பாதாம் பிஸ்கட்.

அன்று அவளுக்குப் பெயர்நாள், அதாவது அவள் பெயர் கொண்ட புனிதையின் திருநாள். எங்கள் கிரேக்க ஊர்களில் பிறந்தநாளை மறந்தாலும் மறப்பார்கள், பெயர்நாளை மறக்க மாட்டார்கள். காலையிலிருந்து வாழ்த்துப் போன் ஓயாது.

பெற்ற அம்மா கேட்கிறாள், முடியாது என்று மாந்தோஸ் எப்படிச் சொல்வான்? போனை இணைத்தான். எல்லா ஸ்பீக்கரிலும் கல்யாண ஆட்டப்பாட்டு அலறியது. பின்சீட்டில் அவன் மனைவி எவான்தியா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அவன் தம்பி சொதிரிஸ், பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏணியிலிருந்து விழுந்து முந்தின நாளே செத்துப்போயிருந்தான். 'கால் உடைஞ்சிருக்கு, ஏதென்ஸ் ஆஸ்பத்திரியில படுத்திருக்கான், பிஸ்கட்டை நீயே கொண்டுபோய்க் குடு' என்று பொய் சொல்லித்தான் அம்மாவை வண்டியில் ஏற்றியிருந்தார்கள்.

ஏற்கெனவே மாரடைப்பு வந்து பிழைத்தவள். பக்கத்தில் டாக்டர் இல்லாத நேரத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தால் அவளும் போய்விடுவாள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எப்படியாவது சமாளித்தாக வேண்டும்.

பாட்டு சட்டென்று நின்றது. போன்!

மாந்தோஸ் ஸ்டியரிங்கில் இருந்த பட்டனை அழுத்தி முந்திக்கொண்டான். "ஹலோ! கார்ல போய்க்கிட்டிருக்கோம்! அம்மா பக்கத்துலதான் இருக்காங்க! நீங்க பேசறது எல்லாருக்கும் கேக்குது!"

"எதுக்குடா இந்தக் காட்டுக்கத்தல்? செவிடு நானா அவங்களா?" என்றாள் கலியோப்பி.

ஜெர்மனியிலிருந்து சித்தி பெலாகியா. "அக்கா... மாத்திரை போட்டியா? சரி, சரி. உடம்பைப் பாத்துக்கோ." வைத்துவிட்டாள்.

"மாத்திரையைக் கேக்கவா அங்கேருந்து கூப்பிட்டா?"

"சித்தி என்னிக்கு நின்னு பேசியிருக்கா? விடும்மா."

பின்னால் எவான்தியா வேகவேகமாக எல்லோருக்கும் மெசேஜ் தட்டிக்கொண்டிருந்தாள். 'அத்தைக்கு இன்னும் தெரியாது. கார் ஸ்பீக்கர்ல கேக்கும். தயவுசெஞ்சு வாயை விட்டுடாதீங்க.'

பக்கத்து வீட்டு அகிலேயாஸ் கூப்பிட்டு, செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டதாகச் சொன்னார். பாதிரியார் மனைவி கூப்பிட்டு, வழியில் லாமியா பக்கம் மழையா என்று கேட்டாள். ஒவ்வொரு முறை பாட்டு நிற்கும்போதும் மாந்தோஸ் பட்டனை அழுத்தி அதே எச்சரிக்கையைக் கத்தினான். பேசுகிறவர் வைத்த பிறகுதான் மூச்சே வந்தது.

மறுபடி பாட்டு நின்றது. திரையில் 'தெமி, மெல்போர்ன்'. அம்மாவின் தம்பி.

மாமாவுக்குச் சொன்னாயா என்று கண்ணாடி வழியாகக் கண்ணாலேயே கேட்டான் மாந்தோஸ். எவான்தியா எங்கள் ஊர் வழக்கப்படி தலையை மேலே தூக்கினாள். இல்லையாம். போனைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள், அவர் லைனே கிடைக்கவில்லையாம்.

துண்டித்துவிடலாம் என்று அவன் விரலை நீட்டுவதற்குள் கலியோப்பியே திரையைத் தட்டிவிட்டாள். "தெமி! என் கண்ணு! மறக்காம கூப்பிட்டுட்டியே!"

மாந்தோஸின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. போச்சு, இதோ ஓவென்று அழப்போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தான்.

"அக்கா..." என்றார் தெமி. "மாந்தோஸை வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லு. நீ தைரியமா இரு. அப்புறம் பேசறேன்." லைன் போய்விட்டது.

அப்பாடா! யாரோ புண்ணியவான் அவருக்கும் சொல்லியிருக்கிறார். மாந்தோஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இத்தனை பேர் பேசி, ஒருத்தர் வாயிலிருந்தும் விஷயம் நழுவவில்லை. ஏதென்ஸ் சுங்கச்சாவடியும் கண்ணில் பட்டுவிட்டது.

"பாத்தியாம்மா, உலகத்து மூலையிலேருந்தெல்லாம் உனக்குப் போன் வருது!" என்றான் வரவழைத்த உற்சாகத்தோடு.

பாட்டு நின்றது. பதறிப்போய்த் திரையைப் பார்த்தான். போன் எதுவும் வரவில்லை. கலியோப்பிதான் பாட்டை நிறுத்தியிருந்தாள்.

"கூப்பிட்டாங்க. ஒருத்தர்கூட வாழ்த்தலையேடா" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "காலையிலேருந்து நீயும்தான் வாழ்த்தல."

"அது... ஏதோ அவசரத்துல மறந்திருப்பாங்கம்மா..."

"பெயர்நாளுக்குக் கூப்பிட்டுட்டு வாழ்த்த மறப்பாங்களா? எழவு விழுந்த வீட்டுக்குத்தான்டா வாழ்த்துச் சொல்ல வாய் வராது."

எவான்தியா பின்னால் விம்மினாள். கலியோப்பி திரும்பிப் பார்க்கவில்லை.

"சொதிரிஸ் எப்போடா போனான்?"