கொலைகாரியின் குரல்

“உன்னை விடமாட்டேன்!” என்று மைக்கில் பேசியபோது டப்பிங் கலைஞரின் குரல் மறுபடியும் நடுங்கியது.

இயக்குநர் ஹெட்போனைக் கழற்றினார். “என்னம்மா ஆச்சு? ஒரிஜினல் படத்தைத் தமிழ்ல டப் பண்ணினப்பவும் இதே கொலைகாரிக்கு நீதானே பேசினே? புலி மாதிரி உறுமினியே! இது அதோட ரீமேக். நாடுதான் வேற, வசனம் அதேதான்.”

“அதுல அவ கோபத்துல கொல்றா சார். இதுல பயத்துல கொல்ற மாதிரி தெரியுது.”

“மூஞ்சியைப் பாரு. பயம் துளிகூட இல்லை.”

திரையில் அந்தப் பெண் கண் இமைக்காமல் துப்பாக்கியை நீட்டினாள். இவள் மீண்டும் பேசினாள். மீண்டும் சொதப்பியது.

“போதும்மா. இருக்கிறதை வெச்சு ஒப்பேத்திக்கிறேன். நீ வீட்டுக்குக் கிளம்பு.”

அவள் மைக்கை விட்டு நகரவில்லை. “வேண்டாம் சார், இன்னொரு டேக் போலாம்.”

“வேணும்னே சொதப்புறியா?”

“பாதி வேணும்னேதான் சார், மீதி நிஜம்.” அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். “வாசல்ல என் வீட்டுக்காரர் காத்திட்டிருக்கார். நேத்து கழுத்தை நெரிச்சார். இன்னிக்கு வீட்டுக்கு வா, முடிச்சிடறேன்னு சொல்லித்தான் கொண்டுவந்து விட்டார்.”

இயக்குநர் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். போனைக் கையில் எடுத்தார்.

“உட்காரும்மா. போலீஸ் வர்ற வரைக்கும் நமக்கு ரெக்கார்டிங் முடியலை.”