அருளப்பன் செய்த பவர் சப்ளை

"பாத்தியா பிலோமி, கடையில வாங்கு வாங்குன்னியே! கையால செஞ்சது எப்படி ஓடுது பாரு!" அருளப்பனின் நாற்பது வயதுக் கணினி இரண்டு வருடம் கழித்து உயிர் பெற்றிருந்தது. மனைவி பிலோமினா "ம்" என்று தோசையைத் திருப்பினாள். மறுநாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

கணினிக்கு மின்சாரம் தர அவர் கையால் செய்த பவர் சப்ளை முதலில் ஓடவில்லை. அவர் சோறு இறங்காமல் கிடந்ததைக் காணச் சகிக்காமல், அவர் குளிக்கப் போன நேரத்தில் கடையில் வாங்கியதை உள்ளே மாட்டியது அவள்தான். "இன்னொரு தடவ போட்டுப் பாருங்க" என்றதும் அவள்தான். கழற்றியதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்த அவருடைய கூட்டாளி சேவியர், கணினியை ஓடவிட்டுக் கும்பிட்டான். ஒளித்ததை இனியும் வீட்டில் வைத்திருக்க முடியாமல் பிலோமினா அவனிடம் நீட்டினாள்.

"ஓடாதது தம்பி. எங்கயாவது போட்டுடுங்க."

அவன் அருளப்பனின் மேசையில் கிடந்த ஃப்யூஸ் ஒன்றை மாற்றி, மின்சாரம் வருகிறதா என்று மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"யாரு சொன்னா அண்ணி? அண்ணன் கைவேலை சோடை போகுமா? ஃப்யூஸ்தான் போயிருக்கு. மாத்துனதும் நல்லா ஓடுது." சட்டென்று நிமிர்ந்தான். "அப்ப மிஷினுக்குள்ள இருக்கறது?"

மேசைமேல் கணினி தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.