முப்பத்தேழுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவே

விழா ஆரம்பிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கட்டடக்கலைப் பேராசிரியர் மேடையில் தனியாக நின்று, தன் படத்தைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடம் அவருடைய அலமாரியில் உள்ளங்கை அகலத்துக்குக் கிடந்த புகைப்படம். ஓய்வு பெறும் நாளாயிற்றே என்று மாணவர்கள் அதைச் சுவரளவுக்குப் பெரிதாக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். கால்வாய்க் கரையில் வரிசையாகக் குடிசைகள். கதவுக்குக் கதவு வெள்ளைப் பெயிண்டில் எண். ஓரத்தில், பெயிண்ட் டப்பாவும் கையுமாக, தலை நிறைய முடியோடு அவர்.

அந்த மக்களுக்கு மாற்று வீடு தர அதிகாரிகள் ஆயிரம் காகிதம் கேட்டார்கள். இவர் ஒற்றைக்காலில் நின்றார். காகிதம் எதற்கு, கதவு இருந்தால் குடும்பம் இருக்கிறது. ஒரு கதவுக்கு ஒரு வீடு. சண்டை போட்டு ஜெயித்தார். போலிப் பெயர் எதுவும் நுழைந்துவிடக் கூடாதென்று, எண் எழுதிய அன்று மாலையே பட்டியலை மூடிக் கையெழுத்தும் போட்டார்.

அடுத்த வாரமே குடிசைகளை இடித்தார்கள். நூற்று நாற்பத்திரண்டு கதவு, நூற்று நாற்பத்திரண்டு புது வீடு.

‘ஒரு குடும்பத்தைக்கூட விடவில்லை’ என்பதுதான் இன்றைய பேச்சின் கடைசி வரி. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார்.

நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டே ஒரு அம்மா வந்தார். கல்லூரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. பிறகு முப்பத்தேழுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில் இருந்த கறுப்பு இடைவெளியைத் தொட்டார்.

“இது எங்க வீடு சார்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அது சந்து. காற்று வர ஜனங்களே யோசித்து விட்டுவைத்த சந்து என்று முப்பது வருடமாக வகுப்பில் வாய் ஓயாமல் புகழ்ந்த சந்து. அவரே வரைந்துகொடுத்த புதுக் குடியிருப்பிலும் அதே அகலத்துக்கு இடம் விட்டார். அந்த வடிவமைப்புக்கு அவருக்கு விருது கொடுத்ததே அதற்குத்தான்.

கதவே இல்லையேம்மா என்றார்.

“நம்பர் போட்ட அன்னிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி சார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக வேற எதுவும் கெடைக்கல. கதவக் கழட்டி அதுலதான் படுக்க வெச்சோம்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். கறுப்புக்குள் ஒரு கொடி. கொடியில் ஒரு சின்னப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு எட்டு உள்ளே எட்டிப் பார்த்திருக்கலாம். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைவிட்டு, அந்த இருட்டைக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறார். தன்னை நினைத்தே அவருக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டைப் பற்றிக் கேட்கத் துணிவு வரவில்லை. அப்பா என்ன ஆனார் என்று மட்டும் கேட்டார்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

“பொழச்சுட்டாரு சார்! பதினஞ்சாம் நாள் நடந்தே வந்தாரு. கதவ நாங்க தூக்கிட்டு வந்தோம். மாட்டத்தான் வீடு இல்ல.”