அம்மா ஏறிய ஓட்டோ

ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைகிறது. உட்துறைமுக வீதியோரம், மரநிழலில், தினுஷா தன் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். காப்புறுதிக் கந்தோரின் யன்னலில்லாத அறையில் பார்த்த வேலையை விட்டு அவள் இந்த வண்டியை ஓட்டத் தொடங்கியதிலிருந்து அம்மா எல்சி இதில் ஒருமுறைகூட ஏறியதில்லை. பெண்பிள்ளை ஓட்டோ ஓட்டினால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலை அம்மாவுக்கு. பூசைக்கு நடந்தே வருவாள், நடந்தே போவாள். இன்றைக்கு வீதியைக் கடந்து நேரே வருகிறாள். பின்னால் ஏறி, செபமாலையை மடியில் வைத்துக்கொள்கிறாள். தினுஷா சாவியை இரண்டு தரம் திருப்ப வேண்டியிருக்கிறது. வண்டி நகர, உப்புக்காற்று இரண்டு பக்கத்தாலும் புகுந்து அம்மாவின் நரைமுடியைக் கலைக்கிறது. துறைமுகத் தண்ணீரில் வெயில் நொறுங்கிக் கிடக்கிறது. ஊருக்குள் உலவும் புள்ளிமான்களில் ஒன்று நடுவீதியில் நின்று அசைபோடுகிறது. தினுஷா வண்டியை நிறுத்துகிறாள். “நல்லாக் கறுத்துப்போனாய்,” என்கிறாள் அம்மா. “வெயில்தானேம்மா.” “ஓம். கந்தோருக்குப் போகேக்க வீட்டை வந்து ஒரு கதையும் இல்லை, போய்ப் படுத்திடுவாய். இப்ப பாட்டுப் பாடிக்கொண்டெல்லோ வாறாய். நான் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்டு கேக்கிறனான்.” மான் விலகிப் போகிறது. வீட்டுக்குத் திரும்பும் சந்தியில் தினுஷா வேகத்தைக் குறைக்க, பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தொடுகிறது. “இப்பவே வீட்டை போக வேணுமே பிள்ளை? கடற்கரையால ஒருக்காச் சுத்திப் போவமே.”