ஈசல் ஆபீசர்

"டமார்!"னு நீர்நாய்ங்களோட அணு உலை வெடிச்சப்போ, பக்கத்துக் குளத்துல ஆமையக்கா அல்லிக்கிழங்கு தோண்டிட்டிருந்தா. கிழங்கு வித்துத்தான் அவ பொழப்பே. அன்னிக்கோட சரி, ஒரு வாத்துகூட வாங்கல. "அந்தக் குளத்துக் கிழங்கா? ஐயோ, வேணாம்க்கா!"

குளம் சுத்தமாக முந்நூறு வருஷம் ஆகுமாம். நஷ்டத்தைக் கணக்கெடுக்க நீர்நாய்ங்க காலையிலேயே ஒரு ஆபீசரை அனுப்பிச்சுது. யாருன்னு பாத்தா, ஈசல்! புது றெக்கை பளபளக்க, ஃபாரத்தோட வந்து நின்னுச்சு.

"சொல்லுங்கக்கா, எத்தனை நாள் தொழில் போச்சு?"

"முந்நூறு வருஷம் தம்பி. எனக்கோ ஆயுசு கெட்டி, அத்தனை வருஷமும் பசிக்குமே!"

"வருஷம்னா?"

"நிறைய நாள்ப்பா."

ஈசல் விழுந்து விழுந்து சிரிச்சுது. "நாள்னா ஒண்ணுதானேக்கா இருக்கு! சரி, உங்களுக்காக முழுசா ஒரு நாள்னு போடறேன். சாயங்காலம் வரைக்கும் சாப்பாடு. திருப்தியா?"

"உன் மேலதிகாரியைக் கூப்பிடுடா!"

"அவரும் ஈசல்தான்க்கா."

ஆமையக்கா விடல. கூழாங்கல்லை ஒவ்வொண்ணா அடுக்கி, நாள்னா என்ன, வருஷம்னா என்னன்னு பொழுது சாயிற வரைக்கும் விளக்கினா. கடைசியா ஈசலுக்குப் புரிஞ்சிடுச்சு! "அடப்பாவமே! இவ்ளோ நஷ்டமாக்கா?"ன்னு கண் கலங்கி, எழுதப் பேனாவைத் தூக்குச்சு. அவ்வளவுதான், றெக்கை உதிர்ந்து, பொத்துனு விழுந்து செத்துப் போச்சு.

மறுநாள் காலையில வேற ஒரு ஈசல், வெத்து ஃபாரத்தோட. "வணக்கம்க்கா! என்ன பிரச்சனை? முதல்லேர்ந்து சொல்லுங்க."

ஏங்க, உங்க ஃபைலைப் பாக்கவும் இதே ஆபீசர்தான் வர்றாரா?